அயிரை புதையும் மணல்



நேற்று மாலையே கீரனூருக்கு வந்துவிட்டேன். பையை வைத்துவிட்டு, ஒரு தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சண்முகநதிக்குப் போனேன். சித்திரை வெயில் இறங்கியிருந்தது, ஆனால் மணல் இன்னும் சுட்டது. ஆற்றில் ஓட்டம் இல்லை. சீமைக்கருவேலத்துக்கு நடுவே, ஒரு திருப்பத்தில், நாலு கட்டில் போடும் அளவுக்கு ஒரு மடு மட்டும் மிச்சமிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். ஓரத்துத் தண்ணீர் குளிப்பதற்குக் காய்ச்சி இறக்கிய வெந்நீர் மாதிரி இருந்தது. நாலு எட்டு உள்ளே போனதும் தண்ணீர் முட்டிக்கு மேல் ஏறியது. பாதத்தில் மட்டும் சில்லென்று ஒரு குளிர்ச்சி. மணலுக்கு அடியில் ஊறி வரும் ஊற்றுத் தண்ணீர் அது. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். முழங்கையில் சூடு, விரல் நுனியில் குளிர். கெண்டைக் குஞ்சுகள் என் கணுக்காலைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன. மேல்மட்டத்தில் ஒன்றையும் காணோம்.

இந்த உரைக்கான அழைப்பிதழில் ‘காலநிலை மாற்றத்தில் மீன்களும் காட்டுயிர்களும்’ என்று தலைப்பு அச்சிட்டிருக்கிறார்கள். என் பாதத்தில் பட்ட அந்தக் குளிர்ச்சியைப் பற்றித்தான் இன்று ஒரு மணி நேரம் பேசப்போகிறேன்.

அயிரையிலிருந்து தொடங்குகிறேன். திண்டுக்கல், மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு அயிரையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சுண்டுவிரல் நீளம், மணல் நிறம், உடம்பெல்லாம் கரும்புள்ளி, வாயைச் சுற்றி மீசை. என் அம்மா அயிரை வாங்கினால் உயிரோடுதான் வாங்குவார். மண்சட்டியில் தண்ணீர் விட்டு, கொஞ்சம் பால் ஊற்றி, மீனை அதில் விடுவார். வயிற்றில் இருக்கும் மண்ணையெல்லாம் அது கக்கிவிடும். பிறகு கல் உப்பைப் போட்டு, உள்ளங்கையால் சட்டியின் சொரசொரப்பான அடியில் வைத்து உரசுவார். குடல் எடுப்பது, தலை கிள்ளுவது எதுவும் கிடையாது. முழு மீனாகக் குழம்பில் விழும். வயிற்றில் மண் இருப்பதற்குக் காரணம் அதன் வாழ்க்கை அப்படி. மணலில் புதைந்து, மணலைச் சலித்துத் தின்னும் மீன் அது. ஆபத்து என்றால் மணலுக்குள், வெயில் என்றால் மணலுக்குள், ஆறு வற்றினாலும் ஈர மணலுக்குள்.

இந்த மீனின் அறிவியல் பெயர் லெப்பிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ். முதல் பாதியை மறந்துவிடுங்கள். ‘தெர்மாலிஸ்’ என்றால் வெப்பத்தைச் சேர்ந்தது என்று பொருள். வெப்பமானிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். குழம்பு மீனுக்கு ஏன் இப்படி ஒரு பெயர்? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர், திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் இந்த மீனைப் பிடித்துப் பாரிசுக்கு அனுப்பினார்.  வாலன்சியன் என்ற மீனியல் அறிஞர் 1846இல் இதற்குத் தெர்மாலிஸ் என்று பெயர் சூட்டினார். நம் தமிழ்க் கன்னியாவின் ஊற்றுச் சூடு அந்தப் பெயரில் இன்றைக்கும் நிற்கிறது.

இந்தக் கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அயிரை சூட்டுக்குப் பயந்த மீன் அல்ல. அதன் குடும்பத்து மீன்கள் தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கி, குடல் வழியாக மூச்சு வாங்கிக்கொள்ளும். இவ்வளவு தாங்கும் மீன் இன்று ஏன் அருகிப்போய், ஆட்டுக்கறியோடு போட்டி போடும் விலைக்கு விற்கிறது? கோடைச் சூடு கூடிவிட்டது என்று மட்டும் பதில் சொன்னால் அது பாதி உண்மை. அயிரை புதைந்துகொள்ள மணல் இல்லை. மணலை லாரியில் ஏற்றிவிட்டோம். மிஞ்சிய மணலுக்கு அடியில் ஈரம் இல்லை, ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சிவிட்டன. ஒளிந்துகொள்ள இடமிருந்தால் தாங்கியிருக்கக்கூடிய வெயிலை, இடமில்லாததால் அது தாங்க முடியாமல் போகிறது. நாற்பது ஆண்டுகள் மீன்களைப் பார்த்துவிட்டு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

நம்முடையது மழை மறைவுப் பிரதேசம். மேற்கே மலை நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை அதன் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காற்றை மட்டும் அனுப்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான் நமக்கு மழை. ஆகவே இந்தச் சமவெளியின் மீன்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வறட்சியோடு வாழப் பழகியவை. விராலும் குறவையும் காற்றைக் குடிக்கும். கெளுத்தி சேற்றில் கிடந்து மழைக்குக் காத்திருக்கும். பனையேறிக் கெண்டை செவுளை ஊன்றி ஊன்றித் தரையில் நடக்கும். 1797இல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, தரங்கம்பாடியில் ஒரு பனைமரத்தில் இந்த மீன் ஏறுவதைப் பார்த்துப் பிடித்ததாக ஐரோப்பிய அறிஞர்களுக்கு எழுதினார். அதை நம்பலாமா கூடாதா என்று அங்கே நூறாண்டு விவாதம் நடந்தது. பெயரிலேயே பனையை வைத்திருக்கும் நம் மக்களை யாரும் கேட்கவில்லை. முதல் மழைக்குப் புதுத்தண்ணீர் வரும் ராத்திரியில், வாய்க்காலிலும் மடைத் தண்ணீரிலும் மீன் எதிர்த்து ஏறுவதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அரிக்கேன் விளக்கும் பறியும் ஊத்தாவுமாக வரப்பில் ஓடியவர்களும் இருப்பீர்கள்.

அப்படி ஏறும் மீன் எங்கிருந்து வருகிறது? கோடை முழுவதும் ஏதோ ஒரு மடுவில், குளத்தின் ஆழக்குழியில், மதகுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் தாக்குப்பிடித்த சிலதான். நூறு மீன் ஏறினால், அந்த நூறும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதத்தை எங்கோ கழித்திருக்க வேண்டும். விதைநெல்லைக் குதிரில் வைப்பது போல ஆறு தன் மீன்களை மடுவில் வைக்கிறது.

இனி தண்ணீரின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். மீனின் உடல் சூடு தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. தண்ணீர் சூடானால் அதன் உடம்பு வேகமாக இயங்கும், மூச்சு அதிகம் தேவைப்படும். ஆக, தேவை கூடும்போது இருப்பு குறைகிறது. பாசி மண்டிய குளமாக இருந்தால் ராத்திரி முழுவதும் பாசியும் அதே பிராணவாயுவைத்தான் எடுத்துக்கொள்ளும். விடியற்காலை நாலு, ஐந்து மணிக்குத் தண்ணீர் கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும். கோடையில் குளத்தில் மீன் செத்து மிதக்கும் செய்தி காலையிலேயே வருவதற்கு இதுவே காரணம். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊர் பேசும். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். பல இடங்களில் விடியற்காலை மூச்சுத் திணறல்தான் கொன்றிருக்கும்.

மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்திருக்கிறது. கேட்கச் சின்ன எண். மீன்கள் அந்தச் சின்ன எண்ணை நமக்கு முன்பே உணர்ந்துவிட்டன. வங்காளத்தில் பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், மேற்கு வங்க, ஒடிசா மீன்குஞ்சுப் பொரிப்பகங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முன்பு வைகாசி, ஆனியில் முட்டைக்குத் தயாரான கட்லாவும் ரோகுவும் இப்போது மார்ச் மாதத்திலேயே தயாராகிவிடுகின்றன. 110, 120 நாளாக இருந்த இனப்பெருக்கப் பருவம் 160, 170 நாளாக நீண்டுவிட்டது. பொரிப்பகம் நடத்துபவருக்கு இது லாபம். ஆற்று மீனுக்கு அப்படி இல்லை. உடம்பு முன்கூட்டியே தயாராகி, வெள்ளம் வராவிட்டால் முட்டை எங்கே போகும்? நம் குளத்து உளுவை இருக்கிறதல்லவா, அதே உளுவை கங்கையில் முன்பு குளிருக்குப் பயந்து போகாத ஹரித்துவார் பக்கம் மேலேறியிருப்பதையும் அந்த ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கடலிலும் இதே நகர்வுதான். மலபார்க் கரைக்கே உரியது என்றிருந்த மத்தி, கடந்த சில பத்தாண்டுகளாக நம் கிழக்குக் கரை வலைகளிலும் ஏராளமாக விழுகிறது.

கங்கைக்கு வடக்கே மலையும் பனியும் இருக்கின்றன, உளுவை ஏறலாம். கடல் விரிந்து கிடக்கிறது, மத்தி நீந்தலாம். சண்முகநதி மீன் எங்கே போகும்? மேலே போக வேண்டும் என்றால் பழனி மலையடிவாரத்தில் பாலாறு-பொருந்தலாறு அணை நிற்கிறது. இன்னொரு கிளையில் வரதமாநதி அணை. பக்கத்துக் குதிரையாற்றிலும் அணை. இந்த அணைகளால் வயல்கள் விளைகின்றன, பழனி தண்ணீர் குடிக்கிறது. அவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. மீனுக்கு அவை கதவில்லாத சுவர் என்பதை மட்டும் சொல்கிறேன். ஆறு ஆறுகள் கூடுவதால் சண்முகநதி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். மீனின் கணக்கில் அந்த ஆறும் இன்று தனித்தனித் துண்டுகள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மலையிலாவது குளிர்ந்த ஓடைகள் பத்திரமாக இருக்கின்றனவா? 2018இல் அரசுமணி, ராபின் விஜயன் முதலியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை நாற்பது ஆண்டுக்கு ஒப்பிட்டுப் பார்த்து, பழனி மலையின் உயர்மட்டப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்துவிட்டதைக் காட்டினார்கள். அந்த இடத்தில் இப்போது சீகை, தைலமரம், பைன் தோப்புகளும் விவசாய நிலங்களும் இருக்கின்றன. சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சு போல வாங்கி வைத்து, சொட்டுச் சொட்டாகக் கோடைக்கு விடும். தைலமரம் அந்தத் தண்ணீரைத் தானே குடிக்கும். நேற்று என் பாதத்தில் பட்ட குளிர்ச்சிக்கும், எட்டாயிரம் அடி உயரத்தில் ஒரு புல் இருப்பதற்கும் தொடர்பு உண்டு. கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. காட்டெருமைக்கும் மந்திக்கும் அமைந்த காவல் என்றே அதை நினைக்கிறோம். கீரனூர் மீனுக்கும் அது காவல்தான்.

அதே 2018ஆம் ஆண்டு, அந்தப் புல்வெளி ஆய்வு வந்த அதே ஆய்விதழில், நம் அமராவதியைத் தொட்ட இன்னொரு கட்டுரை வந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் என் வாழ்நாளில் நான் படித்த மீன் ஆய்வுகளில் என்னை அதிகம் உலுக்கியது அது.

காவிரியில் திமில் வைத்த மகசீர் என்று ஒரு பெரிய மீன் உண்டு. செம்மஞ்சள் துடுப்பு, உள்ளங்கை அகலச் செதில், முதுகில் ஒரு மேடு. 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த ஒரு மீன் 120 பவுண்டு எடை இருந்தது, அதாவது 54 கிலோ. உலகெங்கும் இருந்து தூண்டில்காரர்கள் இந்த மீனுக்காக இங்கே வந்தார்கள். இத்தனை புகழ் பெற்ற மீனுக்கு 2018 வரை சரியான அறிவியல் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் அழியும் உயிரினங்களின் பட்டியலில் அதைச் சேர்க்கவும் முடியவில்லை. 1970களிலிருந்து, மகாராட்டிரத்து லோனாவாலாவில் உற்பத்தியான நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். நல்ல நோக்கத்தோடுதான் விட்டார்கள், மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பித்தான் விட்டார்கள். வந்த மீன் பெருகியது, சொந்த மீன் சுருங்கியது.

இங்கிலாந்தின் ஏட்ரியன் பிண்டரும் கொச்சியின் ராஜீவ் ராகவனும் அவர்களுடைய குழுவினரும் மோயாற்றில் எஞ்சியிருந்த திமில் மகசீரைப் பிடித்து, அதன் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டார்கள். அது ஒத்துப்போனது டோர் ரேமாதேவி என்ற பெயரோடு. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சில ஆண்டுகளுக்கு முன்பு கேரளத்தின் மதுசூதன குருப்பும் ராதாகிருஷ்ணனும் பாம்பாற்றில், சின்னாறு சரணாலயத்துக்குள், பிடித்த சிறிய மீன்களுக்கு வைத்த பெயர் அது. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் வாழ்நாளெல்லாம் நன்னீர் மீன்களை வகைப்படுத்திய ரேமா தேவியின் பெயர். பாம்பாறு எங்கே போய்ச் சேருகிறது? அமராவதி அணைக்கு. அணையைத் தாண்டினால் தாராபுரம், கரூர், காவிரி. உங்கள் சண்முகநதியும் போய்க் கலப்பது அதே அமராவதியில்தான். இந்தியாவின் மிகப் பெரிய ஆற்று மீன்களில் ஒன்றுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைத்தது உங்கள் ஆற்றுக் குடும்பத்தின் ஓர் ஓடையில். பெயர் கிடைத்த அதே ஆண்டிலேயே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை ‘மிகவும் அழியும் நிலையில்’ உள்ள உயிரினமாக அறிவித்தது. பிறப்புச் சான்றிதழும் மருத்துவமனைச் சீட்டும் ஒரே நாளில் வந்த மாதிரி.

அணைக்கு மேலே பாம்பாற்றில் அந்த மீன். அணைக்கு உள்ளே என்ன மீன்? ஜிலேபி. இந்த இடத்தில் நம் மாநில மீன்துறையின் ஒரு பழைய ஆய்வாளரை நன்றியோடு நினைக்க வேண்டும். ஏ. சீனிவாசன். 1964இல் கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு ஏரிகளைப் பற்றியும், 1965இல் அமராவதி நீர்த்தேக்கத்தைப் பற்றியும் உலக ஆய்விதழ்களில் எழுதினார். ஆழம் ஆழமாகத் தண்ணீர் எடுத்து, வெப்பம் எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு, நுண்ணுயிர் எவ்வளவு என்று அளந்தார். காலநிலை மாற்றம் என்ற சொல்லே செய்தித்தாளில் வராத காலம் அது. இன்று அதே இடத்தில் அதே ஆழத்தில் ஒருவர் அளந்தால், அறுபது ஆண்டு வித்தியாசம் கையில் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் இந்த அரங்கில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்கு வந்தது, பிறகு தென்னிந்திய அணைகளில் விடப்பட்டது. அமராவதி அதன் கோட்டை ஆயிற்று. ஏழை வீட்டுக்கு மலிவான மீன் கொடுத்தது, அதை மறுக்கக் கூடாது. என் பிள்ளைகளும் அதைத் தின்று வளர்ந்தவர்கள்தான். ஆனால் சூடான, பிராணவாயு குறைந்த, கலங்கிய தண்ணீரில் அது சுகமாக இருக்கும். முட்டையைத் தாய் வாயிலேயே வைத்து அடைகாக்கும். வெள்ளத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஆண்டு முழுக்கக் குஞ்சு பொரிக்கும். ஆறு ஓடவும் வேண்டாம், மணலும் வேண்டாம். நாம் ஆற்றை எப்படி மாற்றிக்கொண்டிருக்கிறோமோ, அந்த மாற்றத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த மீன் ஜிலேபி. வெப்பம் கூடக் கூட அதன் பங்கு கூடும், அயிரையின் பங்கு குறையும்.

அதே அமராவதி அணையில் மீனைத் தின்னும் இன்னொருவர் இருக்கிறார். முதலை. தென்னிந்தியாவில் நன்னீர் முதலைகள் காட்டில் இயல்பாக இனம் பெருக்கும் முக்கியமான இடம் அந்த நீர்த்தேக்கம். 1970களின் நடுவில் அங்கே அரசு முதலைப் பண்ணையும் தொடங்கியது. தாய் முதலை மாசி, பங்குனி வாக்கில் கரை மணலில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டைக்குள் இருக்கும் மரபணு தீர்மானிப்பதில்லை. குழியின் சூடு தீர்மானிக்கிறது. மாமல்லபுரத்துக்கு அருகே 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேகர் மூவரும் இதைச் சோதித்து 1989இல் வெளியிட்டார்கள். 28 முதல் 31 டிகிரி வரை வைத்த முட்டைகளில் எல்லாமே பெண். 32.5 டிகிரியில் எல்லாமே ஆண். ஒன்றரை டிகிரிக்குள் ஒரு தலைமுறையின் ஆண், பெண் கணக்கு புரண்டுவிடுகிறது. சற்று முன்னே சொன்ன 0.7 டிகிரியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாய் முதலை சும்மா இருக்காது. நிழலுள்ள இடம், ஈரமுள்ள ஆழம் என்று தேடித்தான் குழி பறிக்கும். அதற்குக் கரையில் மரம் வேண்டும், மணல் வேண்டும். அயிரைக்கு வேண்டியது எதுவோ அதுவேதான் முதலைக்கும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அதன் காவலைப் பெற்ற முதல் மீன் திமிங்கலச் சுறா, 2001இல். கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் மீன் என்பது சட்டத்தின் கண்ணில் உயிராகவே படவில்லை, உணவாகத்தான் பட்டது. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் தேவாங்குக்காக 2022இல் கடவூர்ச் சரணாலயம் அறிவித்தார்கள், 11,806 ஹெக்டேர், நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதலாவது. மனம் குளிர்ந்தேன். ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் இன்று தமிழ்நாட்டு ஈரநிலங்கள் 20 இருக்கின்றன. நம் திண்டுக்கல் மாவட்டத்துக் குளம் ஒன்றும் அதில் இல்லை. பட்டியலில் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் மடுவைக் காக்க டெல்லி உத்தரவு தேவையில்லை.

மடுவைக் காக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். அந்தக் கோடையில் நான் கண்ட ஒரு காட்சி இன்னும் உறுத்துகிறது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். குளம் வற்றி, நடுவில் ஆழக்குழி மட்டும் நின்றது. மீன்பாசி ஏலம் எடுத்தவருக்குப் போட்ட பணம் வர வேண்டும். டீசல் மோட்டார் வைத்து அந்தக் குழியையும் இறைத்தார்கள். சாயங்காலத்துக்குள் அடிச்சேறு தெரிந்தது. விரால், கெளுத்தி, ஆரால், பெயர் சொல்ல முடியாத பொடி மீன்கள் எல்லாம் அள்ளினார்கள். கரையில் நாரையும் கொக்கும் நின்று பார்த்தன. அடுத்த ஆண்டு மழை பெய்தது, குளம் நிறைந்தது. தவளை கத்தியது. மடையில் ஒரு மீன் ஏறவில்லை. மறுபடியும் லாரியில் கட்லாவும் ஜிலேபியும் வந்து இறங்கின. ஏலம் எடுத்தவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். குழியை இறைக்கக் கூடாது என்று ஏல நிபந்தனையில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் இறைத்திருக்க மாட்டார்.

ஆகவே கீரனூரிடம் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. குளத்து ஏல நிபந்தனையில் அந்த ஒரு வரியைச் சேருங்கள்: பத்தில் ஒரு பங்கு ஆழக்குழி தண்ணீரோடு நிற்க வேண்டும், மோட்டார் வைக்கக் கூடாது. குடிமராமத்துக்குப் பொக்லைன் வரும்போது குளத்தின் அடியைச் சமமாகச் செதுக்க விடாதீர்கள், ஒரு மூலையிலாவது ஆழம் விட்டுவையுங்கள். ஆற்று மடுவின் கரையில் நிற்கும் நாவலையும் மருதையும் புங்கனையும் வெட்டாதீர்கள், அந்த நிழல்தான் மடுவுக்குக் கூரை. மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பவர்களை ஊர் அதட்ட வேண்டும். கிராமங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறதே, வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவோடு இறங்குமே, அதை நான் நேசிக்கிறேன். அதை நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கும் கூட்டம் ஒரு குழியைத் தொடாமல் விட வேண்டும். அந்தக் குழியைச் சாமிக்கு விட்டதாக வைத்துக்கொண்டாலும் சரி.

பிறகு ஆராய்ச்சி. ஆய்வு என்றால் வெளிநாட்டுக் கருவி என்று பயப்பட வேண்டாம். ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி, மீன்கள் உதிர்த்த மரபணுத் துகளை வைத்து எந்தெந்த மீன் இருக்கிறது என்று சொல்லும் நுட்பம் வந்துவிட்டது. அது வரும்போது வரட்டும். உங்கள் ஊரில் அதைவிட மதிப்புள்ள ஒன்று இருக்கிறது. இந்த ஊர் எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜா எழுதிய ஒரு நாவலுக்கு ‘மீன்காரத் தெரு’ என்று பெயர். ஒரு தெருவுக்கே மீனின் பெயர் வாய்த்திருந்தால், அங்கே எத்தனை தலைமுறை மீனைக் கையில் எடுத்து எடை பார்த்திருக்கும்! எந்த மாதம் எந்த மீனுக்குச் சினை பிடிக்கும், எந்த மடுவில் ஆரால் கிடக்கும், எந்த ஆண்டிலிருந்து எந்த மீன் வரவில்லை என்பது மீன் விற்ற பெரியவர்களுக்கும் பெண்களுக்கும் தெரியும். அவர்கள் ஒவ்வொருவரிடமும் பிள்ளைகள் போய் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும். மீனின் பெயரை அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், புத்தகப் பெயருக்கு மாற்றாதீர்கள்.

இந்த மேசையில் ஒரு நோட்டும், தண்ணீருக்குள் விடும் ஒரு வெப்பமானியும், முடிச்சுப் போட்ட ஒரு கயிறும் வைத்திருக்கிறேன். பள்ளியில் கொடுத்துவிட்டுப் போகிறேன். நேற்று என்னோடு வந்த தம்பிக்கு அந்த மடு இருக்கும் இடம் தெரியும். பெரியவர் ஒருவர் துணையோடு, வாரத்தில் ஒரு நாள், காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் போங்கள். கயிற்றின் முதல் முடிச்சில் ஒரு அளவு, அடியில் ஒரு அளவு. மடுவின் நீளத்தைக் காலடியால் அளந்து எழுதுங்கள். பார்த்த மீன், கொக்கு, மீன்கொத்தி, நீர்நாய்த் தடம், எதுவானாலும் எழுதுங்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று எழுதுங்கள். முதல் பக்கத்தில் நேற்றைய தேதியைப் போட்டு, மடுவில் கெண்டைக் குஞ்சு இருந்தது, அயிரை கண்ணில் படவில்லை என்று நான் எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது.